உட்கார்ந்தே நகர்ந்த பையன்: காசிமேட்டில் தாமதமாக நடக்கத் தொடங்கிய ஒரு குழந்தை பற்றிய நிகழ்வு ஆய்வு

குடும்பத்தாரின் சம்மதத்துடன் எழுதப்பட்டது. அவர்கள் யாரென்று தெரிய வைக்கும் விவரங்கள் இதில் இல்லை.

பின்னணி

2023 செப்டம்பரில் 20 மாதப் பையன் ஒருவனை அவன் அம்மாவும் அப்பாவைப் பெற்ற ஆயாவும் எங்கள் பிசியோதெரபி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் லோடு அடிக்கிறவர். விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுவார். அம்மா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார், இரவுதான் வீடு திரும்புவார். பகல் முழுவதும் பையன் ஆயாவிடம்தான்.

பையன் 34 வாரத்தில் பிறந்தவன். எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிறந்த கையோடு சில நாட்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ இல்லை, மஞ்சள் காமாலைக்கு விளக்கொளி கொடுத்தார்கள். இப்படிக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 வயது வரை வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். 40 வாரத்துக்கு 6 வாரம் குறைவு என்பதால் அன்று அவனுடைய திருத்திய வயது ஏறக்குறைய பதினெட்டரை மாதம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்குவது 8 மாதத்துக்கும் பதினேழரை மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தில். ஆக, திருத்திக் கணக்கிட்டாலும் இவன் அந்த எல்லையைத் தாண்டியிருந்தான். ரொம்ப தூரம் தாண்டவில்லை.

வருவதற்கு முன்பே வீட்டில் பலதும் செய்து பார்த்துவிட்டார்கள். தினமும் நல்லெண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டுக்கால் சூப், காசிமேட்டு என்-4 பீச் மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிற்க வைத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை பயன்படுத்திய வட்ட வாக்கர் ஒன்றும் 8 மாதத்திலிருந்தே வீட்டில் இருந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில், மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் செலவை நினைத்து நடுங்கிப்போய்த்தான் அம்மா எங்களிடம் வந்தார். ஆயாவுக்கு அந்தப் பதற்றம் எதுவும் இல்லை. "எம் பெரிய புள்ளையும் இப்டித்தான் குந்திக்கினே வூடு பூரா சுத்துவான். ரெண்டு வயசுக்கு மேலதான் நடந்தான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் பிறகு எங்களுக்குப் பெரிதும் உதவியது.

முதல் நாள் பார்த்தது

பாயில் விட்டதும் பையன் உட்கார்ந்தபடியே நகர ஆரம்பித்தான். வலது கையைத் தரையில் ஊன்றி, இரண்டு காலையும் முன்னால் நீட்டி இழுத்து, புட்டத்தால் தேய்த்துக்கொண்டு நல்ல வேகத்தில் போனான். இடது கையில் பிஸ்கட் பத்திரமாக இருந்தது. பாதி வழியில் கையை மாற்றிக்கொண்டான். பிஸ்கட் வலது கைக்குப் போனது, இடது கை ஊன்றியது. இரண்டு கையும் ஒன்றுபோல் வேலை செய்தது எங்களுக்கு முதல் நல்ல செய்தி. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் விரும்பிப் பயன்படுத்தும் குழந்தையைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, காலைத் தரையில் வைக்கப் பார்த்தேன். இரண்டு காலையும் இடுப்பிலிருந்து மடக்கி மேலே தூக்கிக்கொண்டான். நாற்காலியே இல்லாமல் காற்றில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தே நகரும் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் நிலை இது. குப்புறப் படுக்க வைத்தால் உடனே அழுதான். தவழவே இல்லை என்றார் அம்மா. கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே நடைக்குப் போகும் குழந்தைகள் உண்டு, அதனால் அதை மட்டும் வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இடுப்பு, முட்டி, கணுக்கால் மூட்டுகள் எல்லாம் வழக்கத்தைவிட நெகிழ்வாக இருந்தன. தசை இறுக்கம் குறைவு, ஆனால் பலம் குறைவு இல்லை. மல்லாக்கப் படுத்திருக்கும்போது காலைப் பிடித்தால் நன்றாகவே உதைத்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். தொய்வாக இருக்கும் தசை எதிர்த்து உதைக்க முடிந்தால் அவ்வளவு கவலை இல்லை, உதைக்கவே முடியவில்லை என்றால் தசை, நரம்பு நோயைத் தேட வேண்டும்.

அடுத்து நரம்பு, தசை, எலும்பு நோய்களின் அடையாளங்களைத் தேடினோம். முட்டியில் தட்டியபோது கால் துள்ளியது. நாக்கில் துடிப்பு இல்லை. கெண்டைக்கால் தசை பருத்திருக்கவில்லை. கணுக்கால் விறைக்கவில்லை, கால்கள் கத்தரிபோல் குறுக்கே போகவும் இல்லை. இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு விரிந்தது, கால் நீளத்தில் வித்தியாசம் இல்லை. முதுகின் அடியில் குழியோ மயிர்க்கொத்தோ இல்லை. தலைச் சுற்றளவு சரி. ஐந்தாறு சொற்கள் பேசினான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டினான், "அப்பா எங்க?" என்றால் வாசலைப் பார்த்தான். கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் வெளிறியிருந்தது.

முதலில் விலக்க வேண்டியவை

பயிற்சியை அன்றே தொடங்கிவிடலாமே என்று அம்மா கேட்டார். உட்கார வைத்துச் செய்யும் இரண்டு விளையாட்டை மட்டும் சொல்லிக்கொடுத்து, அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கடிதம் எழுதினோம். கடிதத்தில் கேட்டவை: சிகே எனப்படும் கிரியேட்டின் கைனேஸ் (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி), தைராய்டு, ரத்த எண்ணிக்கை, வைட்டமின் டி.

சிகே எதற்கென்றால், 18 மாதத்திலும் நடக்காத ஆண் குழந்தைக்கு டூஷேன் தசைச் சிதைவு நோய் இருக்கிறதா என்று அறியச் சுருக்கமான வழி அதுதான். நோய் இருந்தால் அளவு பல ஆயிரங்களில் நிற்கும். மலிவான ரத்தப் பரிசோதனை. வெளியே எந்த அறிகுறியும் இல்லையே என்று அதை விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்த நோயின் வெளி அறிகுறிகள் தெளிவாகத் தெரியவே இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

எம்ஆர்ஐ வேண்டாம் என்பதில் குழந்தை மருத்துவரும் எங்களோடு ஒத்துப்போனார். விறைப்பு இல்லை, ஒரு பக்கப் பலவீனம் இல்லை, கற்றதை மறப்பது இல்லை, தலை வளர்ச்சி சரி, பேச்சும் புரிதலும் வயதுக்கேற்றபடி. இந்த வயதில் ஸ்கேனுக்கு மயக்கம் கொடுக்க வேண்டும். விடையை மாற்றப்போகாத ஒரு படத்துக்காக அது தேவையில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று மாறினால் அன்றே எடுக்கலாம் என்று எழுதி வைத்தோம்.

முடிவுகள் வந்தன. சிகேவும் தைராய்டும் இயல்பு. ஹீமோகுளோபின் 9.1, அதாவது ரத்தசோகை. வைட்டமின் டி 9 நானோகிராம். வைட்டமின் டி 12-க்குக் கீழே என்றாலே குறைபாடுதான். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகும் நோய்) மாற்றம் தெரியவில்லை. இரும்புச்சத்து சிரப்பும் வைட்டமின் டி-யும் மருத்துவர் எழுதிக்கொடுத்தார். பாட்டில் பாட்டிலாகக் குடித்துவந்த பாலைக் குறைத்து முட்டை, மீன், கீரை சேர்க்கச் சொன்னார். மீனுக்கு அந்த வீட்டில் என்ன பஞ்சம்! முள் எடுக்கப் பொறுமை இல்லாததால்தான் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள்.

சரி, மிச்சம் இருந்தது இதுதான்: குறைமாதப் பிறப்பு, தொய்வான தசை, நெகிழ்வான மூட்டு, பரம்பரையாக வரும் உட்கார்ந்து நகரும் பழக்கம், அதன் மேல் ரத்தசோகையும் வைட்டமின் டி குறைவும். உட்கார்ந்து நகரும் குழந்தைகள் பெரும்பாலும் தாமதமாக நடப்பார்கள், ஆனால் நடந்துவிடுவார்கள். பெரியப்பா நடந்தது போலவே. காரணமும் எளிது. கை இரண்டும் சுதந்திரமாக, கண் நேராக, வேகமாக நகர ஒரு வழி கிடைத்துவிட்ட பிறகு எழுந்து நிற்க அந்தக் குழந்தைக்கு அவசரம் எதுவும் இல்லை.

வீட்டைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு

பகலில் பார்த்துக்கொள்வது ஆயா என்பதால் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். முதல் மாடியில் ஒரே அறை. சமையல், படுக்கை, துணி எல்லாம் அதற்குள்தான். வழவழப்பான டைல்ஸ் தரை. வாசலைத் தாண்டினால் செங்குத்தாக இறங்கும் இரும்புப் படிக்கட்டு. அடுப்பு தரையிலேயே இருந்தது. சுவரோரம் ஒரு ட்ரங்க் பெட்டி, அதன் பக்கத்தில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்த பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக.

வாக்கரை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது சுலபம். அதில் குழந்தை தொட்டிலில் தொங்குவது போல உட்கார்ந்து நுனிவிரலால் உந்துகிறது. இடுப்புத் தசைக்கோ சமநிலைக்கோ வேலை இல்லை. அது நடையை முன்கூட்டிக் கொண்டுவருவதும் இல்லை. படியில் உருண்டு விழும் விபத்துகளுக்காகவே கனடா 2004-ல் அதன் விற்பனையைத் தடை செய்தது. இந்த வீட்டுப் படிக்கட்டைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஆயா கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது: "அடுப்பாண்ட நான் நிக்கும்போது இவன எங்க வுடுறது?"

அதனால் முதலில் அடுப்பு ஒரு உயரமான மேடைக்குப் போனது. வாசலுக்குக் குறுக்கே முட்டிக்கு மேல் உயரத்தில் பலகை அடித்தார் அப்பா. வாக்கர் அதற்குப் பிறகுதான் பரணுக்குப் போனது. டைல்ஸ் மேல் கோணி விரித்து நான்கு பக்கமும் மடித்து அடியில் செருகினோம். வழுக்கும் தரையில் தொய்வான கால் நிற்கப் பயப்படுவது நியாயம்தான். திறந்த பக்கெட் எதுவும் அறையில் இருக்கக் கூடாது, குடங்களுக்கு மூடி வேண்டும் என்றும் சொன்னோம். இந்த வயதில் ஒரு சாண் தண்ணீர்கூட ஆபத்து.

ஷூ வாங்க வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு கடைக்காரர் உள்பக்கம் உயர்த்திய ஷூவுக்கு விலைகூடச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றோம். பாதம் தட்டையாக இருப்பது இந்த வயதில் இயல்பு, வெறுங்காலில்தான் தரை புரியும். நின்று நடக்கத் தொடங்கியபின் கணுக்கால் அதிகமாக உள்ளே சரிந்தால் பிறகு யோசிக்கலாம்.

பயிற்சிப் பட்டியல் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆயாவின் நாளில் ஏற்கெனவே நடப்பவற்றோடு வேலையைச் சேர்த்தோம். சோறு ஊட்டும்போது பையன் ஆயாவின் தொடைமேல் பாதம் தரையில் படும்படி உட்காருவான். கிண்ணம் ட்ரங்க் பெட்டி மேல் இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் சற்று முன்னால் சாய்ந்து எழுந்து பெட்டியைப் பிடித்து வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார வேண்டும். ஒரு வேளைச் சோற்றில் எத்தனை முறை எழுந்து உட்காருவான் என்று பாருங்கள். எந்த மையத்திலும் அவ்வளவு செய்ய வைக்க முடியாது. துணி மடிக்கும்போது முட்டி போட்டு நிற்பது, பிறகு ஒரு காலை முன்னால் ஊன்றி எழுவது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடத்த வேண்டாம், பிடித்தால் இடுப்பில் பிடியுங்கள் என்றோம். கையைத் தூக்கியதும் குழந்தை முன்னால் சாய்ந்து நுனிக்காலில் தொங்கும், எடை காலுக்குப் போகாது.

அம்மா இதையெல்லாம் செல்போனில் படம்பிடித்துக்கொண்டார். ஆயாவே பேசி விளக்கும்படி எடுத்தது நல்ல யோசனை. அவர் தன் குரலில் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

முதல் சில வாரங்கள்

லேசில் நடக்கவில்லை. பாதம் தரையில் பட்டதும் காலை இழுத்துக்கொண்டு அழுதான். மடியில் உட்கார்ந்தால் சரி, எழ வைத்தால் அழுகை.

இங்கே ஆயாவின் மணல் கை கொடுத்தது. குழியில் புதைத்து நிறுத்துவதால் பயனில்லை என்று முன்பே சொல்லியிருந்தோம். மணல் நான்கு பக்கமும் இறுக்கித் தாங்குவதால் தசைக்கு வேலையே கிடையாது, குழந்தைக்குப் பயம்தான் மிச்சம். ஆனால் அகலமான பிளாஸ்டிக் டப்பில் நாலு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, முக்காலியில் உட்கார வைத்து அதில் கால் வைக்க விட்டால்? முதலில் விரல்களைச் சுருக்கினான். மணலுக்குள் ஆயா சோழிகளைப் புதைத்து வைத்ததும் காலால் துழாவினான். பிறகு எடுக்கக் குனிந்தான், குனிந்தபோது எடை பாதத்துக்குப் போனது. ஈர மணலிலிருந்து உலர்ந்த மணல், பிறகு கோணி, பிறகு வெறும் தரை என்று ஆயாவே வரிசை வைத்துக்கொண்டார். நாங்கள் சொல்லித் தரவில்லை.

அக்டோபர் கடைசியில் பெட்டியைப் பிடித்துத் தானாக எழுந்தான். முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு நின்றான். நெகிழ்வான மூட்டுக்காரர்கள் செய்வதுதான் இது. பெட்டிமேல் உள்ள பொருளைச் சற்றுப் பக்கவாட்டிலும் கீழேயும் மாற்றி வைத்ததில், முட்டி மடக்கிக் குனிந்து எழக் கற்றான்.

அடுத்து பக்கவாட்டு நடை. அறையில் பிடித்து நடக்க நீளமான மேசையோ சோபாவோ கிடையாது. குடங்கள் இருந்தன. தண்ணீர் நிறைந்த குடம் ஒரு குழந்தை பிடித்தால் சாயாது. மூடியில் தட்டினால் சத்தம் வேறு. பெட்டியிலிருந்து முதல் குடத்துக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று தட்டிக்கொண்டே நகர ஆரம்பித்தான். கண்டுபிடித்தவன் அவனே. நாங்கள் செய்தது குடங்களுக்கு இடையே இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்னது மட்டும். தண்ணீர் தீர்ந்த குடம் வரிசையில் இருக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டமானது.

புயல் வந்த வாரம்

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மையம் இருந்த தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது, சிகிச்சைக்கு வரவோ நாங்கள் போகவோ முடியவில்லை. கரண்ட் வந்ததும் அம்மா போன் செய்தார். கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் அந்தக் குடும்பம் மொத்தமும் இவர்கள் அறையில் இருந்தது. பயிற்சி எதுவும் செய்யவில்லை என்று வருத்தப்பட்டார்.

ஆனால் அவர் அனுப்பிய வீடியோவில் பார்த்தது வேறு. கீழ்வீட்டில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. அவள் கையில் இருந்ததெல்லாம் இவனுக்கு வேண்டும், அவளோ நின்றுகொண்டே காட்டுவாள். புட்டத்தால் நகர்ந்து போனால் எட்டாது. படுக்கை, பாய்ச் சுருள், பெரியவர்களின் முதுகு, கிடைத்ததையெல்லாம் பிடித்து எழுந்து நகர்ந்துகொண்டிருந்தான். எங்களால் செய்ய முடியாததை அந்தச் சிறுமி செய்தாள். தண்ணீர் வடிந்தபிறகும் அவள் பள்ளி விட்டதும் மாடிக்கு வந்து விளையாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம்.

நடை

டிசம்பர் கடைசியில் மர நடைவண்டி ஒன்று வந்தது, பெரியப்பா வாங்கி வந்தது. இதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கி நின்று தள்ள வேண்டும் என்பதால் இதற்குத் தடை சொல்லவில்லை. வண்டி வேகமாக ஓடிவிடாமல் இருக்க, குறுக்குக் கட்டையில் இரண்டு கிலோ அரிசிப் பை கட்டினோம். மாடி அறையிலும், ஞாயிறுகளில் கீழே தெருவிலும் தள்ளினான்.

2024 ஜனவரி கடைசியில், 24 மாதம் முடிந்திருந்தபோது, குடத்தை விட்டுக் கீழ்வீட்டுப் பெண்ணை நோக்கி மூன்று அடி வைத்தான். கால்கள் அகன்று, கைகள் தோளுக்கு மேலே. பிப்ரவரி நடுவில் அறையின் குறுக்கே நடந்தான். மார்ச்சில் உட்கார்ந்து நகர்வதை விட்டுவிட்டான், அவசரம் என்றால் மட்டும் பழைய வழி. மறுபரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2, வைட்டமின் டி இயல்பு அளவில்.

இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிரப், வைட்டமின், மணல், குடம், சிறுமி, சும்மா கடந்த நான்கு மாதம், எல்லாம் ஒன்றாகத்தான் நடந்தன. எதுவுமே செய்யாவிட்டாலும் அவன் பெரியப்பாவைப் போல நடந்திருக்கக்கூடும். பிசியோதெரபியால்தான் நடந்தான் என்று சொல்ல மாட்டேன். ரத்தசோகையும் வைட்டமின் குறைவும் தெரியவந்தன, டூஷேன் தசைநோய் இல்லை என்று உறுதியானது, இரும்புப் படிக்கட்டுக்கும் குழந்தைக்கும் நடுவே பலகை வந்தது, எம்ஆர்ஐ செலவு மிச்சமானது. இவற்றைக் கணக்கில் எழுதலாம்.

இப்போது மாற்றியிருப்பவை

இந்தப் பையன் 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்குப் போயிருந்தான். அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊக்க ஊசி. இரண்டு முறையும் எடை பார்த்தார்கள், காலை ஊன்றுகிறானா என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அந்த வரிசையின் நீளத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. அதனால் எங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளர்களோடு பேசி, ஊசி அட்டையோடு இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறோம்: 9 மாதத்தில் பிடிமானமின்றி உட்காருகிறதா, 18 மாதத்தில் நடக்கிறதா. இல்லை என்றால் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும், வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் இடையீட்டு மையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதமும் அடக்கம், பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வாக்கர் பற்றிய பேச்சை 6 மாதத்திலேயே எடுக்கிறோம், வாங்கிய பிறகு அல்ல. ரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் ஒரே ஊசியில் எடுக்கும்படி கடிதத்திலேயே எழுதுகிறோம். குழந்தையை இரண்டாம் முறை குத்துவதற்காக அம்மா இன்னொரு நாள் சம்பளத்தை இழக்கத் தேவையில்லை.

பையனுக்கு இரண்டரை வயதானபோது கடைசியாகப் பார்த்தோம். ஓடுகிறான், அடிக்கடி விழுகிறான், கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறுகிறான், இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறான். பாதம் இன்னும் தட்டை, கணுக்கால் உள்ளே சற்றே சரிகிறது, வலி இல்லை. மூன்று வயதில் குதிப்பதையும் ஒற்றைக்காலில் நிற்பதையும் பார்த்துவிட்டு ஷூவுக்குள் தாங்கு பட்டை தேவையா என்று முடிவு செய்யப்போகிறோம். வாசல் பலகையை இப்போது அவன் ஏறிக் குதிக்கப் பார்ப்பதால், அதற்குப் பதில் தாழ்ப்பாளோடு கூடிய கிரில் கதவு போட அப்பா வெல்டிங் கடையில் சொல்லி வைத்திருக்கிறார்.